வேலியின் நீளமும் காணியின் விரிவும்

யாழ்ப்பாணத்துக்கு அணி செய்வன எவை என்று வினவினால் கோபுரங்கள் என்பர் சிலர். பனைகள் என்பர் வேறு சிலர். நாம் வேலிகள் என்போம். கிளுவைக் கதியாலும் பூவரசும் நிரையாய் நிற்க, கிடுகும் பனையோலையும் பனைமட்டையும் கொண்டு அடைத்த வேலிகள் இல்லாமல் இக்குடாநாட்டின் ஒழுங்கைகளை நினைத்துப் பார்க்கவும் இயலாது. மதில்கள் பெருகிவிட்ட இக்காலத்திலும் பேச்சில் நிற்பது வேலியே. வேலியால் உறவாடியவர்களும் இருக்கிறார்கள். வேலியால் மூன்று தலைமுறை முகம் பாராதிருந்தவர்களும் இருக்கிறார்கள். கதியால் ஒரு சாண் தள்ளி நடப்பட்டது என்பதிலே தொடங்கி நீதிமன்றத்திலே முடிந்த கதைகளைப் பெரியோர்கள் எம்மைக் காட்டிலும் நன்கு அறிவார்கள்.

இவ்வேலியை ஒரு கணித வினாவாக எடுத்து, அதன் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கீழ்வகுப்புக்களில் நாம் எல்லோரும் செய்த கணக்கு ஒன்று உண்டு. ஒரு காணியின் சுற்றளவு 320 அடி. தெற்குப் பக்கம் 100 அடி. கிழக்குப் பக்கம் 80 அடி. வடக்குப் பக்கம் 40 அடி. மேற்குப் பக்கம் யாது? மூன்றையும் கூட்டினால் 220. அதனை 320இற் கழித்தால் 100. விடை எழுதிக் கீழே இரண்டு கோடு இழுத்து, அடுத்த கணக்குக்குப் போய்விடுவோம். மிஷன் பாடசாலையிலே பயின்ற நமக்கு இதனை ஆங்கிலப் பாடநூலின் சாயலிலே கற்பித்தார்கள். அதனால் இது கடல் கடந்து வந்த கணக்கென்றே நெடுநாள் எண்ணியிருந்தோம். உண்மையில் இது மண் அளந்து வாழ்ந்த மக்கள் யாவர்க்கும் பொதுவான கணக்கு. அது மாத்திரமன்று, கழித்தலோடு முடிந்துவிடுகிற கணக்குமன்று.

முதலாவதாக, நம் ஊர்க் காணிக்குச் சுற்றளவு என்பது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? வீட்டிலுள்ள பழைய உறுதியொன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். காணியின் பெயர் இருக்கும்; இன்ன வளவு, இன்ன தோட்டம், இன்ன சீமா என்று ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் தனிப்பெயர் உண்டு. விரிவு இத்தனை பரப்பு, இத்தனை குழி என்றிருக்கும். அதன்பின் எல்லைகள்: கிழக்கு இன்னார் காணி, வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னார் உரிமை, தெற்கு கோயில் நிலம். நாற்றிசையும் ஆட்கள் நிற்பார்கள். ஒரு பக்கத்துக்கேனும் நீளம் சொல்லப்பட்டிராது. தாசில் செய்வதற்கோ விற்பதற்கோ முன்னோர்களுக்கு நீளம் தேவைப்படவில்லை. வேலி கண்முன்னே நின்றது. அயலவனும் உயிரோடு நின்றான்.

நம் அளவைகளின் பெயரும் இதற்குச் சான்று. ஓர் ஏக்கருக்குத் தோட்ட நிலமாயின் 16 பரப்பு. வயல் நிலமாயின் 12 பரப்பு. ஆங்கிலத்தில் எழுதிய அறிவித்தல்களில் முன்னதை வரகு விதைப்பு இலாச்சம் என்றும் பின்னதை நெல் விதைப்பு இலாச்சம் என்றும் குறித்தார்கள். ஒரே ஏக்கர் விதைக்கேற்ப வெவ்வேறாகப் பிரிகிறது. தோட்டப் பரப்புக்கு 18 குழி. வயற் பரப்புக்கு 24 குழி. இரண்டு வழியாகவும் ஏக்கருக்கு 288 குழியே வரும். ஒரு குழியின் அளவு 151¼ சதுர அடி. விதையைக் கொண்டு பெயரிட்ட மக்கள் பக்கத்தின் நீளத்தைப் பொருட்படுத்தாதது வியப்பன்று.

நிற்க. தமிழிலே 'வேலி' என்ற சொல் இரண்டு பொருள் தருவதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். நிலத்தைச் சுற்றி அடைப்பதும் வேலி. நிலத்தின் அளவும் வேலி. சோழநாட்டில் 20 மா கொண்டது ஒரு வேலி. இவ்வாறே 'மா' என்பது இருபதில் ஒரு பங்கு. 'காணி' என்பது எண்பதில் ஒரு பங்கு. 'முந்திரி' முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. நிலமும் பின்னமும் ஒரே பெயரைப் பகிர்ந்துகொள்ளும் மொழி நம் மொழி. ஆனால் வேலி என்ற சொல்லின் இரு பொருளும் ஒன்றையொன்று நிர்ணயிக்குமா? சுற்றியடைத்த நீளம் தெரிந்தால் உள்ளே அடங்கிய நிலம் தெரிந்துவிடுமா? இதுவே நமது வினாவின் உயிர்நிலை. உலகம் இவ்விடத்திலேதான் பலமுறை வழுக்கியிருக்கிறது.

கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியசு கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலே இதைப்பற்றி எழுதியிருக்கிறார். அவர் பிறந்த மெகலோபொலிசு நகரின் மதிற்சுற்று 50 தாதியம். ஸ்பார்ட்டாவின் சுற்று 48 தாதியம். ஆனால் ஸ்பார்ட்டா மெகலோபொலிசைப்போல் இருமடங்கு பெரிய நகர் என்று அவர் கூறியபோது, கேட்டவர்கள் நம்ப மறுத்தார்களாம். பாடசாலையிற் கற்ற கேத்திரகணிதத்தை மக்கள் மறந்துவிடுவதே இதற்குக் காரணம் என்று அவர் சலித்துக்கொள்கிறார். (இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் இச்சலிப்புப் பழமையாகவில்லை.) கி.பி. ஐந்தாம் நூற்றாண்டிலே யூக்கிளிட்டுக்கு உரை வகுத்த புரோக்கிளசு இன்னும் ஒருபடி போகிறார். நிலத்தைப் பங்கிடும்போது சுற்றளவு கூடிய துண்டைத் தோழனுக்குக் கொடுத்து, சுற்றளவு குறைந்து விரிவு மிகுந்த துண்டைத் தாமே எடுத்துக்கொண்டு, அதனால் பெருந்தன்மையாளர் என்ற பெயரும் பெற்ற எத்தர்களைப் பற்றி அவர் குறிப்பிடுகிறார்.

நம்மூர் அளவிலே இதனைப் பார்ப்போம். 240 அடி வேலிக்கு ஓலையும் கதியாலும் இருக்கின்றன என்று கொள்வோம். பக்கம் 60 அடியாகச் சதுரமாய் அடைத்தால் உள்ளே 3600 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 24 குழி. நீளம் 80, அகலம் 40 ஆக அடைத்தால் 21 குழிக்குச் சற்று மேல். 100க்கு 20 என்று ஒழுங்கைபோல் நீட்டினால் 13 குழிதான். ஓலை ஒன்றும் குறையவில்லை. நிலத்திற் பாதி போய்விட்டது. அதே வேலியை வட்டமாய் வளைத்தால் 30 குழிக்கு மேல் அடங்கும். வட்டத்துக்கு மாத்திரமே சுற்றளவு தெரிந்தால் எல்லாம் தெரிந்தது போலாகும். அதற்கு மறைந்த பக்கம் என்று ஒன்றில்லை. காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் வட்டத்தின் விட்டத்திற் பாதியையும் சுற்றிற் பாதியையும் பெருக்கினால் குழி வரும் என்று விதி கூறுகிறது. இவ்விதி மிகச் சரியானது; கயிறு ஒன்றே போதும், கிணற்றையும் நெற்களத்தையும் அளந்துவிடலாம். மூலைகள் உள்ள நிலத்துக்கு வந்தவுடனேதான் சிக்கல் தொடங்குகிறது.

நீள்சதுரமாயின் ஒரு செய்தி போதாது, இரண்டு வேண்டும். இதனை முதன்முதல் தெளிவாய் அறிந்து கணக்குச் செய்து வைத்தவர்கள் பபிலோனியர். ஏறக்குறைய 3800 ஆண்டுகளுக்கு முற்பட்ட களிமண் பலகையொன்று அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அகழ்ந்த குழியொன்றின் நீளமும் அகலமும் கூடினால் 6½; அவற்றைப் பெருக்கினால் 7½; நீளம் எது, அகலம் எது என்பது அதிலுள்ள வினாக்களில் ஒன்று. நீளமும் அகலமும் கூடியது என்றால் சுற்றளவிற் பாதி என்பதை மறக்கலாகாது. அவர்கள் செய்த வழி வருமாறு. 6½இற் பாதி 3¼. அதன் வர்க்கம் 10 9/16. அதில் 7½ஐக் கழிக்க 3 1/16. அதன் மூலம் 1¾. இதனை 3¼உடன் கூட்ட 5; 3¼இலிருந்து கழிக்க 1½. நீளம் 5, அகலம் 1½. எழுத்துக் குறியீடு இல்லாத காலத்திலே, சதுரங்களை வெட்டி ஒட்டுவதுபோல் மனத்திலே கண்டு செய்த வழி இது. உயர்தர வகுப்பிலே நாம் இருபடிச் சமன்பாடு என்று செய்வதும் இதுவன்றி வேறில்லை.

ஆயினும், நிலம் நீள்சதுரமாய் இருப்பது வினாத்தாளிலேதான். நம் காணிகளைப் பாருங்கள்: ஒழுங்கை வளைந்தால் காணியும் வளையும், சீதனம் கொடுத்த மூலையிலே ஒரு வெட்டு இருக்கும். நான்கு பக்கமும் நான்கு அளவான நிலத்துக்கு எவ்வாறு விரிவு காண்பது?

எகிப்திலே எட்பு என்னும் ஊரின் கோயிற் சுவரில், கோயிலுக்கு விடப்பட்ட நிலங்களின் பட்டியல் வெட்டப்பட்டிருக்கிறது. அக்கோயில் கி.மு. 237இலே கட்டத் தொடங்கப்பட்டது. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு பாதிகளையும் பெருக்கி விரிவு சொல்லியிருக்கிறார்கள். முக்கோண நிலம் வந்தால் நான்காம் பக்கம் 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு அதே விதியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். மறைந்த பக்கத்தை நாம் தேடுகிறோம். அவர்களோ இல்லாத பக்கத்துக்கும் பட்டியலில் இடங் கொடுத்திருக்கிறார்கள்! கி.பி. 628இலே பிரமகுப்தர் இதே விதியைக் கூறுகிறார். ஆனால் இது பருமட்டான விடை என்று பெயரிட்டே கூறுகிறார். அங்கே தெரிகிறது கணிதனின் நேர்மை.

இவ்விதிக்கு ஒரு குணம் உண்டு. நீள்சதுரத்துக்கு மாத்திரம் சரியான விடை தரும். மற்றெல்லா நாற்கோணத்துக்கும் உண்மையினும் அதிகமாகவே சொல்லும். ஒருபோதும் குறைத்துச் சொல்லாது. நாம் முதலிற் சொன்ன காணியை எடுத்துக்கொள்வோம். அதன் கிழக்குப் பக்கத்தின் இரு மூலைகளும் செங்கோணம் என்று வைத்தால் உண்மையான விரிவு 5600 சதுர அடி. 2 பரப்பும் 1 குழியும். பழைய விதிப்படி தெற்கும் வடக்கும் கூடி 140, பாதி 70, கிழக்கும் மேற்கும் கூடி 180, பாதி 90, பெருக்க 6300. நாலரைக் குழிக்கு மேல் இல்லாத நிலம் கணக்கிலே முளைத்துவிடுகிறது. நிலவரி விதிப்பவனுக்கு இதைவிட இனிய விதி கிடைக்குமா? பல நாடுகளிலே இவ்விதி இத்தனை நூற்றாண்டு நிலைத்திருந்ததற்கு அதன் எளிமை மட்டுமே காரணம் என்று நாம் நம்ப மாட்டோம்.

பிரமகுப்தர் நுண்ணிய விதியொன்றும் கூறினார். சுற்றளவிற் பாதியை எடுத்து, அதிலிருந்து நான்கு பக்கங்களையும் தனித்தனியே கழித்து, மிச்சம் நான்கையும் பெருக்கி, மூலம் காண்பது. 25, 39, 52, 60 என்ற பக்கங்களுக்குச் சுற்றிற் பாதி 88. மிச்சங்கள் 63, 49, 36, 28. அவற்றின் பெருக்கத்துக்கு மூலம் 1764. அழகான விதி. ஆனால் நான்கு மூலைகளும் ஒரு வட்டத்தின்மேல் நிற்கும் நாற்கோணத்துக்கே அது பொருந்தும். 1150இலே லீலாவதி இயற்றிய பாஸ்கராசாரியர் இவ்விடத்திலே பொறுமை இழந்துவிடுகிறார். குத்துயரமோ மூலைவிட்டமோ சொல்லாமல், நான்கு பக்கங்களை மாத்திரம் சொல்லி விரிவு கேட்பவன் ஒரு பிசாசு என்றும், அதற்கு விடை சொல்பவன் அதனினும் பெரிய பிசாசு என்றும் கருத்துப்பட எழுதிவிட்டார். நான்கு கம்புகளை முனையில் ஆணி வைத்துப் பொருத்திச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு அவர் கோபம் விளங்கும். கம்புகளின் நீளம் மாறாது, உருவம் மாறும், உள்ளிருக்கும் நிலம் சுருங்கிக்கொண்டே போகும். முக்கோணம் அவ்வாறு சாயாது. 13, 14, 15 என்ற பக்கங்களுக்குப் பரப்பு 84 என்ற ஒரே விடைதான். நில அளவையாளர் எந்த நிலத்தையும் முக்கோணங்களாகப் பிரிப்பதன் காரணம் இதுவே.

தமிழ்நாட்டு நிலவளவையின் பெருங்காலம் முதலாம் இராசராச சோழனுடைய காலம் (985–1014). சாண் கணக்கிலே கோல்கள் வழங்கின. பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் சாசனங்களிற் குறிக்கப்படுகின்றன. கோலின் நீளத்தைக் கோயிற் சுவரிலே வெட்டி வைத்த ஊர்களும் உண்டு. கோலுக்கு ஐயம் வந்தால் சுவரிடம் போய்க் கேட்கலாம். ஒரு கோற் சதுரமே ஒரு குழி. சாணை ஒன்பது அங்குலமென்று கொண்டால் பதினாறு சாண் கோல் 12 அடி. யாழ்ப்பாணக் குழியின் பக்கமோ 12 அடி 3½ அங்குலத்துக்குச் சற்று மேல். இரண்டும் நெருங்கியிருப்பதைக் காணும்போது மனம் மகிழ்கிறது. ஆயினும் இதன்மேல் ஒரு வரலாற்றுக் கோட்டையைக் கட்ட நாம் துணியோம்.

ஆங்கிலேயர் 1795இலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். 1800ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே, ஆள்பதி நோர்த் காலத்தில், இலங்கை நில அளவைத் திணைக்களம் தொடங்கப்பட்டது. அவர்களோடு வந்தது கண்டர் என்பவர் 1620இலே அமைத்த சங்கிலி: 66 அடி நீளம், 100 கண்ணி; பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர். விதையாற் பெயரிட்ட பரப்பு இரும்புச் சங்கிலியைச் சந்தித்தது அப்போதுதான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணி விற்பனைக்கு நொத்தாரிசு முன்னிலையில் எழுதிய உறுதி வேண்டுமென்றது. எழுத்து வந்தது; ஆனால் அளவுகள் எழுத்தோடு வரவில்லை.

நம் நாட்டவர்க்கு அவ்வளவுகளின் சாத்திரத்தைப் புதிய முறையிற் கற்பித்த இடம் வட்டுக்கோட்டை. அமெரிக்க மிஷனார் 1823இலே அங்கு ஆரம்பித்த செமினறியில் கணிதமும் வானியலும் தலையாய பாடங்களாயிருந்தன. டானியல் பூவர் முதல் அதிபர். அவர்க்குப்பின் வந்த ஹொய்சிங்டன், நம்மவருடைய சோதிட நூலொன்றை ஆங்கில மொழிபெயர்ப்போடும் குறிப்புக்களோடும் 1848இலே பதிப்பித்தவர். சமயத்திலே அவர்களுக்கும் நம் முன்னோர்க்கும் இருந்த பிணக்குகள் யாவரும் அறிந்தவை. அவற்றை ஈண்டு எடுத்துப் பேச வேண்டியதில்லை. கணிதத்திலே அவர்கள் கொடுத்ததை மறைப்பதும் அழகன்று. அச்செமினறி ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுடன் ஒப்பிடத்தக்கது என்று எமர்சன் தெனன்ற் எழுதினார்.

அங்கே படித்தும் படிப்பித்தும் வந்த கறல் விசுவநாதபிள்ளை 1855இலே 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். செமினறி மூடப்பட்டதும் அதே ஆண்டிலேதான். இரண்டு ஆண்டின்பின், 1857இலே, அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். தாமோதரம்பிள்ளையின் பதிப்புப் பணியைக் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். விசுவநாதபிள்ளையையோ நாவலர் காலத்துச் சமய வாதங்களோடு சேர்த்து மாத்திரம் நினைவு கூருகிறோம். அவர் முதலில் மிஷன் பக்கம் நின்று எழுதியவர், பின்னாளிற் சைவத்துக்கு மீண்டவர் என்பதைச் சொல்லிச் சுவைக்கும் நாம், தமிழிலே சமன்பாடு எழுதிக் காட்டியவர் அவர் என்பதை மறந்துவிடுகிறோம். எமது அபிப்பிராயத்தில் அவருடைய பெரும்பணி அதுவே.

ஏனெனில் மறைந்த பக்கத்தைத் தேடுவதற்குக் கழித்தல் மாத்திரம் போதாது. தெரியாததற்கு ஒரு பெயரிட்டு, தெரிந்ததுபோல் அதனை நடத்தப் பழக வேண்டும். வடமொழிக் கணிதர் தெரியாத கணியங்களுக்குக் கருமை, நீலம் என்று நிறங்களின் பெயரை இட்டார்கள். அராபியர் 'பொருள்' என்றார்கள். பிரான்சிலே வியெத்து 1591இல் எழுத்துக்களை இட்டார். பீசம் என்றால் விதை. வீசகணிதம் விதைக் கணிதம். உள்ளே மறைந்திருப்பது முளைத்து வெளிப்படும் என்பதே அப்பெயரின் கருத்தாகக் கொள்ளலாம். இப்போது பாடசாலைகளில் அட்சரகணிதம் என்கிறோம். அது எழுத்தைப் பார்த்து இட்ட பெயர். விதையாலே நிலத்துக்கு அளவு சொன்ன மக்களுக்கு வீசகணிதம் என்ற பெயரே பொருத்தமென்று நமக்குத் தோன்றுகிறது. கேத்திரகணிதம் என்ற பெயரிலோ கேத்திரம், அதாவது வயல், இன்னும் இருக்கிறது. நல்லவேளையாக அதை ஒருவரும் மாற்றவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1990இலே வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு இடம்பெயர்ந்தார்கள். 2009இலே யுத்தம் முடிந்தபின் அக்காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்து உறுதியைக் கையிலே பிடித்துக்கொண்டு போனவர்கள் பலர் கண்டது வேலியில்லாத வெளி. கதியால் இல்லை, ஒழுங்கை இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. கிழக்கு எல்லை இன்னார் காணி என்கிறது உறுதி. இன்னாரோ கனடாவில் இருக்கிறார், அல்லது இறந்துவிட்டார். விரிவு 2 பரப்பு 1 குழி என்கிறது உறுதி. எங்கிருந்து எவ்வளவு தூரம்?

சட்டத்தின் பக்கமும் இலேசானதன்று. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி பத்து ஆண்டு தடையின்றி எதிராட்சி செய்தவனுக்கு உரிமை பிறக்கக்கூடும். யுத்தத்தாலே வழக்குத் தொடுக்க இயலாதிருந்தவர்களுக்கு அக்காலத்தைக் கணக்கிலே சேர்க்காதபடி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஒரு நிவாரணம் செய்தது. ஆனால் காலத்தை நீக்கிக் கணக்குப் பார்க்கச் சட்டத்தால் முடியும். போன மூலைக்கல்லைச் சட்டத்தால் நட முடியாது.

நமது காணியையே எடுத்துக்கொள்வோம். தெற்கு வேலியும் கிழக்கு வேலியும் அடையாளம் தெரிகின்றன: 100 அடியும் 80 அடியும். வடமேற்கு மூலை மாத்திரம் அழிந்துவிட்டது. அதனோடு வடக்கும் மேற்கும் என இரண்டு பக்கமும் மறைந்துவிட்டன. வீட்டுப் பெரியவருக்கு ஒன்று நினைவிருக்கிறது: முழுவேலியும் அடைக்க 320 அடிக்கு ஓலை வாங்கினோம் என்கிறார். அப்படியாயின் மறைந்த இரு பக்கமும் சேர்ந்து 140 அடி. தென்மேற்கு மூலையிலும் வடகிழக்கு மூலையிலும் இரண்டு முளை அடித்து, அவற்றில் 140 அடிக் கயிற்றின் இரு நுனியையும் கட்டி, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்து பாருங்கள். நடந்த வழி ஒரு நீள்வட்டம். அதன் எந்தப் புள்ளியும் மூலையாயிருக்கலாம். மூலை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து விரிவு 26 குழிக்குச் சற்று மேலிருந்து 38 குழிக்குச் சற்று மேல் வரை மாறும்.

இப்போது உறுதியின் விரிவைச் சேர்ப்போம்: 2 பரப்பு 1 குழி, அதாவது 37 குழி. பபிலோனியர் செய்ததுபோல் சுற்றும் விரிவும் இரண்டும் கையிலிருக்கின்றன. இனியாவது மூலை அகப்பட வேண்டுமே! அகப்படுகிறது, ஆனால் இரண்டு இடத்தில் அகப்படுகிறது. ஒன்றிலே வடக்குப் பக்கம் 40, மேற்குப் பக்கம் 100. மற்றதிலே வடக்கு 100, மேற்கு 40. சுற்றளவு ஒன்று, விரிவு ஒன்று. மூலைகள் இரண்டுக்குமிடையே 65 அடிக்கு மேல் தூரம். உறுதியும் பெரியவரின் நினைவும் இரண்டு மூலைக்கும் ஒரே வகையாகச் சாட்சி சொல்லும். வடக்கு அயலவன் ஒன்றைக் காட்டுவான். மேற்கு அயலவன் மற்றதைக் காட்டுவான். இருவரும் பொய் சொல்லவில்லை. இத்தகைய இடத்திலே ஒரு பழைய பனை, வேலியோரம் நின்ற ஒரு பூவரசின் அடிமரம், கிணற்றிலிருந்து மூலைக்கு எத்தனை பாகம் என்று ஒரு கிழவி வைத்திருக்கும் ஞாபகம் ஆகியவை எந்தச் சூத்திரத்தினும் மேலானவை.

நில அளவையாளர் இதே கணக்கைச் செய்யும் விதம் வேறு. அவர் சுற்றளவை நம்புவதில்லை. நீளத்தோடு திசையையும் அளக்கிறார். தென்மேற்கு மூலையிலிருந்து கிழக்கே 100 அடி. அங்கிருந்து வடக்கே 80. அங்கிருந்து மேற்கே 40. இப்போது நிற்குமிடம் தொடங்கிய இடத்துக்குக் கிழக்கே 60, வடக்கே 80. புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டுமாயின் கடைசிப் பக்கம் 60இன் வர்க்கத்தையும் 80இன் வர்க்கத்தையும் கூட்டி மூலம் கண்டால் 100. அவர் அந்தப் பக்கத்தில் சங்கிலி பிடிக்கவில்லை. காடாகவோ கண்ணிவெடி ஐயமுள்ள நிலமாகவோ இருந்தாலும் அவருக்கு நீளம் வந்துவிடுகிறது, திசையும் வந்துவிடுகிறது. கிழக்கே போனதெல்லாம் மேற்கே வந்ததற்குச் சரி, வடக்கே போனதெல்லாம் தெற்கே வந்ததற்குச் சரி என்ற ஒன்றே அவர் பிடிக்கும் கொள்கை. ஆனால் ஒரு பக்கத்தை இவ்வாறு கணக்காலே நிரப்பிவிட்டால், மற்ற மூன்றில் ஏதேனும் பிழை அளந்திருந்தால் அதைக் காட்டிக்கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. ஆதலால் வழி கிடைக்குமாயின் நான்காம் பக்கத்தையும் நடந்தே அளப்பார்.

1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளில் நீதிமன்றம் முதலில் அனுப்புவதும் நில அளவையாளரைத்தான். அவர் கொண்டுவரும் படத்திலே பக்கங்களின் நீளமும் திசையும் இருக்கும். மூலைக்கல், மரம், கிணறு, வேலி யாவும் குறிக்கப்பட்டிருக்கும். நம் வீடுகளிலுள்ள பழைய உறுதிகள் பலவற்றோடு அத்தகைய படம் ஒன்றும் இணைக்கப்படவில்லை. வேலி நிற்கும்போதே, மூலைகளை அறிந்த பெரியோர்கள் உடனிருக்கும்போதே, ஒரு நாடாவை எடுத்து நான்கு பக்கத்தையும் ஒரு மூலைவிட்டத்தையும் அளந்து எழுதிவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். மூலைவிட்டத்தை விட்டுவிட்டால் பாஸ்கராசாரியர் என்ன சொல்வார் என்பது வாசகர்களுக்குத் தெரியும்.